இளஞ்சிவப்பு உறைக்குள் இருக்கும் இசை

1990களின் தொடக்கத்தில் நார்வேயில் டார்க்த்ரோன், மேஹெம் போன்ற குழுக்கள் வளர்த்தெடுத்த பிளாக் மெட்டல், புதியவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் இசை. கரகரத்த ஒலிப்பதிவு, மூச்சுவிடாத டிரம்ஸ், சொல் பிடிபடாத அலறல். ஏறத்தாழ அதே காலத்தில், 1991இல், மை பிளடி வேலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ வந்தது. கிட்டார் ஒலியை அடுக்கடுக்காகக் குவித்து, குரலை அதற்குள் கரைத்த ஷூகேஸ் இசை அது. ஒன்றில் வெறுப்பு, மற்றதில் மயக்கம். ஆனால் தனித்தனிச் சுரங்கள் ஒரே படலமாகும்வரை தந்திகளை ஓயாமல் மீட்டும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

அந்த உறவை முதலில் முழுமையாகக் காட்டியவர் பிரான்சின் நெஜ். சிறுவயதில் தான் கண்டதாக அவர் சொல்லும் வேற்றுலகக் காட்சிகளே அவருடைய ‘அல்செஸ்ட்’ குழுவின் கருப்பொருள். 2007இல் வந்த அதன் முதல் ஆல்பம், பிளாக் மெட்டலும் ஷூகேஸும் கலந்த ‘பிளாக்கேஸ்’ இசைக்கு அடித்தளமிட்டது. எனினும் அந்தப் பெயரைப் பரவலாக்கியது சான்பிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன் குழு 2013 ஜூனில் வெளியிட்ட ‘சன்பேதர்’.

ஏழு பாடல்கள், ஒரு மணிநேரம். ஜார்ஜ் கிளார்க் அலற, கெர்ரி மெக்காய் கிட்டார் வாசிக்க, டேனியல் டிரேசி டிரம்ஸ் அடிக்க, ஜாக் ஷெர்லி பதிவுசெய்தார். இளஞ்சிவப்பு உறையைப் பார்த்தே மெட்டல் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். விமர்சகர்களோ அதை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்களுள் ஒன்றாகக் கொண்டாடினார்கள். இரு தரப்பும் சண்டையிட்டது பெரும்பாலும் முதல் கேட்பை வைத்துத்தான்.

முதல் தடவை ‘டிரீம் ஹவுஸ்’ ஒரு வெள்ளம்போல மோதும். திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் அதன் கட்டுமானம் புலப்படுகிறது. அலறலுக்கு அடியில் கிட்டார்கள் வாசிப்பது ஏக்கம் தோய்ந்த, ஏறத்தாழ பாப் பாடலுக்குரிய மெட்டு. அந்த மெட்டு காதில் பதிந்தபிறகு, டிரம்ஸின் வேகம் கோபமாகக் கேட்பதில்லை, பரிதவிப்பாகக் கேட்கிறது. பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் காரணமும் விளங்கும். பணமில்லாத இளைஞன் ஒருவன் செல்வந்தர் குடியிருப்பு வழியாகப் போகிறான், அங்கே ஒரு பெண் வெயிலில் படுத்திருக்கிறாள். கிளார்க் கண்ட அந்தக் காட்சியிலிருந்துதான் தலைப்புப் பாடல் பிறந்தது. தனக்குக் கிடைக்காத வாழ்க்கையின் மீதான ஆசையும், அந்த ஆசை தரும் வெட்கமுமே ஆல்பத்தின் சாரம். கறுப்பு உறைக்கு அங்கே வேலையில்லை.

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் சிறு பகுதிகளும் மெதுவாகவே தங்கள் மதிப்பைக் காட்டுகின்றன. ‘ப்ளீஸ் ரிமெம்பர்’ பகுதியில் மிலன் குந்தேராவின் நாவலிலிருந்து ஒரு பத்தியை வாசிப்பவர் வேறு யாருமல்ல, அல்செஸ்டின் நெஜ்தான். முன்னோடியே வந்து வழிமொழிந்த தருணம் அது. ‘விண்டோஸ்’ பகுதியில் தெருவோரப் பிரசங்கியின் குரல் ஒலிக்கிறது. அடுத்து வரும் ‘த பெக்கன் ட்ரீ’யின் ஆவேசம் அதனால்தான் இன்னும் ஆழமாக இறங்குகிறது.

குறையும் உண்டு. பதினான்கு நிமிடங்களைத் தாண்டும் ‘வெர்டிகோ’ எத்தனை முறை கேட்டாலும் நடுவில் தளர்கிறது. குரல் பல இடங்களில் கிட்டாருக்குள் அமிழ்ந்துவிடுகிறது. பத்தாண்டு நிறைவையொட்டி 2023இல் ஷெர்லியே ஒலிக்கலவையைப் புதிதாகச் செய்துகொடுத்தார். அதையும் பழையதையும் அடுத்தடுத்து நல்ல ஹெட்ஃபோனில் கேட்பவர்கள், டிரேசியின் கைவேலையிலிருந்து தொடங்கலாம்.