மூலையில் நிக்கிற ஆள்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். 2022 புரோ கபடி சீசன்ல தமிழ் தலைவாஸ் டீம்ல அடிபட்டு வெளியே உக்காந்தது யாரு?

கபடி பாக்குற பத்து பேர்ல ஒன்பது பேர் யோசிக்காம சொல்லுவாங்க, "பவன் ஷெராவத்"னு. சரியான பதில்தான். ஆனா பாதி பதில். மீதி பாதியைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்ல பவன் கதையை முடிச்சிடுவோம். அந்த வருஷ ஏலத்துல தலைவாஸ் அவருக்குக் கொடுத்தது 2.26 கோடி ரூபாய். அதுவரைக்கும் கபடியில யாருக்கும் அவ்ளோ விலை போனதில்லை. 2017-ல அணி ஆரம்பிச்சதுலேர்ந்து நாலு சீசன் ஆடி, ஒரு தடவை கூட பிளே-ஆஃப் பக்கம் எட்டிப் பாக்காத டீம் நம்மளது. இந்த வாட்டி விடிஞ்சிடும்னு நம்பிக்கிட்டு இருந்தோம். 2022 அக்டோபர் 8, பெங்களூர்ல முதல் ஆட்டம், குஜராத்தோட. ரெய்டு வந்த நம்மூர் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போய் பவனுக்கு முழங்கால் போச்சு. சீசனும் போச்சு. ஆட்டம் 31-31 டிரா.

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? நாட்டுலயே பெரிய ரெய்டர், ரெய்டு போகும்போது அடிபடலை. பிடிக்கப் போனப்பதான் அடிபட்டார். தடுப்பாட்டம் எவ்வளவு ஆபத்தான வேலைன்னு புரிய இது ஒண்ணு போதும்.

அடுத்த ரெண்டு மாசத்துல நடந்ததுதான் ஆச்சரியம். டீம் கவிழலை. நடுவுல பயிற்சியாளரே மாறி ஆஷன் குமார் வந்தார். நரேந்தர்னு ஒரு புதுப்பையன், அறிமுக சீசன்லயே 243 ரெய்டு புள்ளி எடுத்தான். 2.26 கோடி ஆளோட இடத்தை, யாருக்கும் பேர் தெரியாத ஒருத்தன் நிரப்பிட்டான்.

நரேந்தர் எடுத்த புள்ளியெல்லாம் டீமுக்குள்ளயே தங்கினதுக்குக் காரணம் பின்னாடி நின்ன வரிசை. அந்த வரிசையில வலது மூலையில நின்னவர் சாகர். அரியானா பையன். அதுக்கு முந்தின சீசன்ல 82 டேக்கிள் புள்ளி எடுத்து, மொத்த லீக்லயும் ரெண்டாவது இடம். பவன் விழுந்ததும் கேப்டன் பொறுப்பும் இவர் தலையிலதான் வந்துச்சு. லீக் கடைசிக் கட்டத்துல இவருக்கும் அடிபட்டுச்சு. தமிழ் தலைவாஸ் வரலாற்றுலயே முதல் பிளே-ஆஃப் ஆடினப்ப, அந்த டீமை அங்க கொண்டு வந்த கேப்டன் களத்துல இல்லை. அஜிங்க்யா பவார்தான் தலைமை தாங்கினார்.

பவனுக்கு அடிபட்டப்ப வந்த தலைப்புச் செய்தியில கால்வாசி கூட இதுக்கு வரலைன்னு நினைக்கிறேன். ஏன்?

கபடி ஆடாதவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். ஆடினவங்க ஒரு பத்தி தாண்டிப் போயிடலாம் :-)

தடுக்குற பக்கம் ஏழு பேர். ரெண்டு மூலையிலயும் ரெண்டு கார்னர், அவங்களுக்குப் பக்கத்துல ரெண்டு இன், அப்புறம் ரெண்டு கவர், நடுவுல ஒருத்தர். நம்மூர்ல கேட்சர்னு சொல்லுவோமே, அவங்கதான். கார்னர்ல நிக்கிறவருக்கு வெளிப்பக்கம் கோடுதான், ஆள் கிடையாது. ரெய்டர் காலை நீட்டினா கணுக்காலைப் பிடிக்கணும், திரும்பினா தொடையைக் கட்டணும். பிடிச்சிட்டா கவர் ஓடி வந்து முடிப்பார். ஆனா முதல் பிடி கார்னரோடது. அரை நொடி முன்னாடி பாய்ஞ்சா ஒரு புள்ளி எதிரிக்கு. அரை நொடி தாமதிச்சாலும் அதே கதி.

இதுல ஸ்கோர் போர்டுல ஏறுறது பிடிச்ச கணக்கு மட்டும்தான். ரெய்டர் அந்த மூலைப் பக்கமே போகப் பயந்து, 30 செகண்டும் நடுவுல சுத்திட்டு வெறுங்கையோட திரும்பிப் போறான் பாருங்க, அது யார் பேர்லயும் ஏறாது. ரெண்டு தடவை அப்படி வெறும் ரெய்டு போனா, மூணாவது 'செய் அல்லது செத்து மடி' ரெய்டு. புள்ளி எடுக்கலைன்னா ரெய்டர் அவுட். அந்த நெருக்கடியை உருவாக்குனவர் மூலையில சும்மா நின்ன மாதிரிதான் டிவியில தெரிவார்.

இந்த அநியாயம் கபடிக்கு மட்டும் சொந்தமில்லை. கூடைப்பந்தும் இதே கதைதான். 1891-ல அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டு ஊர் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடிச்ச ஆட்டம் அது. அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்ச ஹாரி பக் 1920-ல சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சார். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல பி.டி. வாத்தியார்னு ஒரு இனம் உருவானதுல அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவோட என்.பி.ஏ. லீக் 1946-ல ஆரம்பிச்சுது. யார் எத்தனை கூடை போட்டான்னு முதல் நாளே எழுத ஆரம்பிச்சாங்க. பந்தைப் பறிச்சதையும் (ஸ்டீல்) எறிஞ்ச பந்தைத் தடுத்ததையும் (பிளாக்) எப்ப எழுத ஆரம்பிச்சாங்க தெரியுமா? 1973-74 சீசன்ல. இருபத்தேழு வருஷம், தடுத்தவனோட உழைப்புக்கு நோட்டுல ஒரு கட்டம் கூட இல்லை. அதுக்கு முன்னாடி ஆடின தடுப்பாட்டக்காரங்க எத்தனை பந்தைப் பறிச்சாங்கன்னு இன்னிக்கு நாம கேட்டாலும் லீக் கணக்குல பதில் கிடையாது.

கட்டம் போட்ட பிறகாவது நியாயம் கிடைச்சுதா? ஆந்த்ரே ராபர்சன் கதையைப் பாருங்க. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி. கார்டு இடத்துல ஆடினவர். எதிரணியோட ஆகப் பெரிய ஷூட்டரை நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்குறதுதான் வேலை. கூடை போடத் தெரியாது. நிஜமாத்தான் சொல்றேன். 2017 பிளே-ஆஃப்ல ஃப்ரீ த்ரோ 21 எறிஞ்சு 3 தான் உள்ள போச்சு. எதிரணி வேணும்னே இவர் மேல ஃபவுல் பண்ணி, "எறிடா பாப்போம்"னு நிக்க வெச்சாங்க. பாவமா இருக்கும். ஆனாலும் அதே சீசன்ல லீக்கோட சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் ரெண்டாவது அணியில இவர் பேர் இருந்துச்சு.

2018 ஜனவரி 27, டெட்ராய்ட்ல ஆட்டம். கூடைக்குப் பக்கத்துல தாவப் போன நேரத்துல இடது முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். அந்த சீசன்ல அவர் சராசரி, ஆட்டத்துக்கு 5 புள்ளி. வெறும் 5 புள்ளி ஆள் போனா என்ன ஆகிடும்? கூட வெஸ்ட்புரூக், பால் ஜார்ஜ், கார்மெலோ ஆண்டனின்னு மூணு பெரிய தலைங்க இருந்தாங்களே!

ஆனா அந்த இடம் நிரம்பவே இல்லை. ஒருத்தரை நிறுத்தினா தடுப்பு ஓட்டை, இன்னொருத்தரை நிறுத்தினா அனுபவம் பத்தலை. மார்ச்ல வெளியிலேர்ந்து கோரி பிரூவரைக் கூட்டிட்டு வந்தாங்க. பிளே-ஆஃப்ல யூட்டா ஜாஸோட மோதினப்ப, டோனவன் மிட்செல்னு முதல் வருஷப் பையன் ஆட்டத்துக்கு சராசரி 28.5 புள்ளி வெளுத்தான். ஆறாவது ஆட்டத்துல 38. தொடர் 4-2ன்னு யூட்டாவுக்கு. மிட்செலை ஒட்டிக்கிட்டு நிக்க வேண்டிய ஆள் வெளியே உக்காந்திருந்தார்.

இப்ப அவசரப்பட்டு, "ராபர்சன் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்க"ன்னு எழுதிட முடியாது. அதே ஆறாவது ஆட்டத்துல பால் ஜார்ஜ் 16 எறிஞ்சு 2 தான் போட்டார். தோல்விக்கு ஒரு காரணம் மட்டும் எப்பவும் இருக்காது. ஆனா நடந்தது என்னன்னு நிதானமா யோசிச்சா மூணு விஷயம் புரியுது.

ஒண்ணு, அந்த ஆளோட வேலை. அதை இன்னொருத்தர் அரைகுறையா செய்வார். ரெண்டு, மத்தவங்க எல்லாரும் ஒரு இடம் நகரணும். கார்னர் போனா இன்-ல நின்னவர் கார்னருக்கு வருவார், அவர் இடத்துக்கு வேற ஆள். ஒரு ஓட்டையை அடைக்க மூணு இடம் ஆடிப் போகும். மூணாவதுதான் முக்கியம். எதிராளிக்குப் பயம் போயிடும். அதுவரைக்கும் போகாத மூலைக்கு தைரியமா போவான்.

திரும்ப 2022-க்கு வருவோம். டிசம்பர் 13, மும்பை. யு.பி. யோதாஸோட எலிமினேட்டர். 36-36. டை-பிரேக்கர்ல 6-4ன்னு ஜெயிச்சோம். அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டார். ரெண்டு நாள் கழிச்சு அரையிறுதி, புனேரி பல்தானோட. அவங்க ரெய்டர் பங்கஜ் மோஹிதே மட்டும் 16 புள்ளி எடுத்தார். முடிவு 39-37. ரெண்டே புள்ளி.

அந்த ரெண்டு புள்ளி சாகரோட மூலையிலதான் போச்சுன்னு நான் சொல்லலை. சாகர் இல்லாமலேயே அந்தப் பசங்க டை-பிரேக்கர் வரைக்கும் போய் ஜெயிச்சதையும் மறக்கக் கூடாது. ஆனா ரெண்டு புள்ளிங்கிறது ஒரே ஒரு நல்ல பிடிக்கும் ஒரு வெறும் ரெய்டுக்கும் உள்ள தூரம். அன்னிக்கு ராத்திரி அதை நினைச்சுத் தூக்கம் வரலை.

எங்க தேவிகாபுரத்துல பட்டுத் தறி பாத்திருக்கீங்களா? கோர்வைச் சேலை நெய்யும்போது நெசவாளி ஒருத்தர் மட்டும் போதாது. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கணும். பெரும்பாலும் வீட்டம்மாவோ பையனோ பொண்ணோதான். சேலை யார் நெய்ததுன்னு கேட்டா நெசவாளி பேரைத்தான் சொல்லுவாங்க. கரை தள்ளினவங்க பேரை யாரும் கேக்குறதில்லை. ஆனா அவங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல்னா, அன்னிக்குத் தறி நிக்கும்.

நம்ம தமிழ்நாட்டுக்காரர் தர்மராஜ் சேரலாதனும் ஒரு கேட்சர்தான். 2016-ல பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனா இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். அப்பவே வயசு நாப்பதைத் தாண்டிடுச்சு. டீம்ல இருந்த வடக்கத்திப் பசங்க கூட "அண்ணா"ன்னு தமிழ்லயே கூப்பிடுவாங்க. பின்னாடி நிக்கிறவருக்கும் மரியாதை கிடைக்கும், கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான்.

ராபர்சன் ரெண்டரை வருஷம் கழிச்சு, 2020-ல திரும்ப களத்துக்கு வந்தார். கொரோனா காலம், ஆர்லாண்டோவுல ரசிகர்களே இல்லாத அரங்கம். அவர் உள்ள வந்தப்ப கை தட்டினது அவரோட டீம் பசங்கதான். அவர் என்ன வேலை செஞ்சாருன்னு அவங்களுக்குத்தானே தெரியும்.

அடுத்த தடவை கபடி பாக்கும்போது ஒரே ஒரு ரெய்டுக்கு மட்டும், ரெய்டரை விட்டுட்டு மூலையில நிக்கிறவர் காலைப் பாருங்க. அப்புறம் ஆட்டமே வேற மாதிரி தெரியும்.