இரட்டைப் புகைக்குழல்

பழைய அமெரிக்க வி-8 கார் ஒன்று நின்ற இடத்திலேயே உறுமும்போது எழும் அந்த விட்டுவிட்டு அதிரும் ஓசையை வலிமையின் ஓசையென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஒரு தாளப் பிசகு.

1955-ல் வந்த செவ்ரலே வி-8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம். இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம். ஆக வரிசை இப்படி அமைகிறது: இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம், வலம். எட்டையும் சேர்த்துக் கேட்டால் தாளம் சீரானது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டாலோ, இரண்டு அடிகள் நெருங்கி விழுகின்றன. பிறிதோரிடத்தில் நீண்ட மௌனம். இரு பக்கப் புகையையும் ஒரே குழாயில் சேர்த்தால் பிசகு பெரிதும் மறைந்துவிடும். தனித்தனிக் குழாய்களில் விட்டால் அப்படியே வெளியே வரும்.

1932-ல் ஹென்றி ஃபோர்ட் எளியோர் விலையில் வி-8 எஞ்சினைக் கொடுத்தபோது தொழிற்சாலை பொருத்தியது ஒற்றைக் குழாயைத்தான். அந்த எஞ்சினில் சூடான புகை சிலிண்டர் கட்டைக்குள்ளேயே சுற்றி வெளியேற வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுச்சிலிண்டர்கள் இரண்டுக்கும் வாசல் ஒன்றே. கலிஃபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் காரோட்டிய இளைஞர்கள் இரண்டாம் குழாயைத் தேடியதில் வியப்பில்லை.

அவர்களது கைவேலையை நிறுவனங்களே பின்னர் விற்கத் தொடங்கின. 1955 செவ்ரலேயில் 162 குதிரைத்திறன், நான்கு வாய்க் கார்புரேட்டரும் இரட்டைக் குழலும் சேர்ந்தபோது 180 ஆயிற்று. அந்தப் பதினெட்டில் குழாயின் பங்கு எவ்வளவு என்று விளம்பரங்கள் பிரித்துச் சொல்லவில்லை. சொன்னால் விற்குமா?

1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல்களில் காடலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. செவ்ரலே கார்வெட்டில் நடந்ததுதான் வேடிக்கை. இரு பக்கக் குழாய்களும் ஒரே கன்வெர்ட்டரில் கூடி, பின்னர் மறுபடி இரண்டாகப் பிரிந்து வெளிவந்தன. பின்னால் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை! அடிப்படை எஞ்சினின் திறனோ 1974-ல் இருந்த 195-லிருந்து 165-க்கு இறங்கியது. பழி முழுவதையும் அந்தக் குழாயின் தலையில் கட்டுவது நியாயமன்று. புகையைக் குறைக்க எஞ்சினிலும் பல மாற்றங்கள் செய்திருந்தார்கள்.

இன்று இத்தகைய காரைப் புதுப்பிப்பவர் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை அங்குலக் குழாய் இரண்டின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 9.8 சதுர அங்குலம். மூன்றரை அங்குலக் குழாய் ஒன்றின் பரப்பு 9.6. புகை போக ஒற்றைக் குழாயே போதும் போலிருக்கிறது. ஆனால் அத்தனை பருமனான குழாயைத் தாழ்ந்த காரின் அடியில் நுழைக்க இடம் வேண்டும். இரண்டையும் நடுவே குறுக்குக் குழாயால் இணைப்பது மற்றொரு வழி. ஹெச் வடிவ இணைப்பு உறுமலைப் பெரிதும் விட்டுவைக்கும். எக்ஸ் வடிவம் அடிகளைக் கலந்து ஓசையைச் சீராக்கி, சுருதியை உயர்த்திவிடும். சாலையில் ஓட்டுவதற்குத்தான் என்றால் நான் ஹெச் பக்கம். எதைப் பொருத்தினாலும், கன்வெர்ட்டரோடு பிறந்த காரில் அதைக் கழற்றியெறிவது அங்கே சட்டவிரோதம்.