சோடாப் போத்தலும் எமது வாசல்களும்

பதுளை வீதி பிரியும் செங்கலடிச் சந்தியில் எனது வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்தார். அங்கே அடுக்கியிருந்த சோடாப் போத்தல்களில் இருந்த யானைப் படந்தான் சிறுவயதில் என்னைக் கவர்ந்தது. அந்த யானையின் கதை பனிக்கட்டியில் தொடங்குகிறது என்பதைப் பின்னாளில்தான் வாசித்தறிந்தேன்.

1866இல் ஆர்தர் வொன் பொஸ்னர் என்பவர் கொழும்பு ஐஸ் கம்பனியைத் தொடங்கினார். அது 1894இல் நியூ கொழும்பு ஐஸ் கம்பனியாகி, 1941இல் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் எனப் பெயர் மாறியது. எலிபன்ட் ஹவுஸ் என்பது அதன் வணிகப் பெயர். கொம்பனித்தெருவில் நெடுங்காலம் இயங்கிய தொழிற்சாலை பின்னர் றணாலைக்குப் போனது. 1961இல் கொக்கா கோலா இலங்கைக்கு வந்தபின்னரும் நெக்டோவும் கிறீம் சோடாவும் எமது கடைகளில் நிலைத்தே நின்றன. ஜிஞ்சர் பியரை மட்டும் எனது மூத்தம்மா தொடமாட்டார். அது மதுவற்ற இஞ்சிப் பானம் என்று வாப்பா எவ்வளவு சொல்லியும், 'பியர்' என்ற பெயரே அவருக்குப் போதுமாயிருந்தது.

1892இல் அமெரிக்கரான வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். வாயு வெளியேறாமல் காப்பதே அதன் வேலை. எமது ஊர்களில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் கல்யாண வீட்டுக்கு வரும் தமிழ் அயலவர் பலர் சோறு உண்பதில்லை. அவர்களது வீட்டுச் சமையலில் நாங்களும் கைவைப்பதில்லை. இரு பக்கமும் தயக்கமின்றிக் கொடுத்து வாங்கியது சோடா ஒன்றைத்தான். அதனை ஒற்றுமை என்று மேடைகளில் பேசுகிறோம். ஆனால் மூடி இருந்ததாலேயே அதனைக் குடித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1990 ஆகஸ்ட்டில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். எங்கள் கடை மூடப்பட்டது. சோடா கொடுக்கவும் வாங்கவும் வாசல்கள் இல்லாமற் போயின. யுத்தம் 2009இல் முடிந்தது. வாசல்கள் திறக்க அதற்குப் பின்னரும் காலம் எடுத்தது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய வழக்கப்படி நெக்டோப் போத்தலை எடுத்து வைத்தேன்.

"சோடா என்னத்துக்கு சேர்? தேத்தண்ணி போடச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது. போத்தலைத் திறக்காமலே திரும்ப எடுத்து வைத்தேன்.