உறுதி எங்கே?

காணிப் பிரச்சினை எண்டு பிரதேச செயலகத்துக்குப் போகிற ஒருவரிடம் முதலில் கேட்கப்படுகிற கேள்வி "உறுதி இருக்கோ?" என்பதுதான். அதில் பிழை எதுவும் இல்லையென்று நாங்களும் பழகிப்போய்விட்டோம். காணி உன்னுடையது என்றால் காட்டு, அவ்வளவுதானே. ஆனால் அந்தக் கேள்வியை நாங்கள் அரசிடம் திருப்பிக் கேட்பதில்லை. இது அரச காணி என்கிறீர்களே, உங்களிடம் என்ன உறுதி இருக்கிறது?

இதைக் குறும்புக்குக் கேட்கவில்லை. குடிமகனும் அரசும் ஒரு துண்டு நிலத்துக்கு முன்னால் எதிரெதிரே நிற்கும்போது, நிரூபிக்கிற சுமை யாருடைய தலையில் விழுகிறது என்பதில்தான் அரசின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா இல்லையா என்பதே தங்கியிருக்கிறது. இலங்கையில் அந்தச் சுமை குடிமக்களின் தலையில் ஏற்றப்பட்டதற்கு ஒரு பிறந்த வருஷம் உண்டு: 1840. ஏற்றியவர்கள் ஆங்கிலேயர். அதே ஆங்கிலேயர் தங்களுடைய சொந்த நாட்டில் அதற்கு 75 வருஷம் முன்னரே இதற்கு நேரெதிரான தீர்ப்பொன்றைச் சொல்லியிருந்தார்கள். அதனால் முதலில் இலண்டனுக்குப் போய்வருவோம்.

1762 நவம்பர் 11. ஜோன் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் நதன் கரிங்டனும் வேறு மூவரும் புகுந்தார்கள். நால்வரும் மன்னரின் தூதுவர்கள். என்டிக் 'த மொனிட்டர்' என்ற வாரப் பத்திரிகையோடு தொடர்புடையவர். அந்தப் பத்திரிகை அரசாங்கத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதிக்கொண்டிருந்தது. அரசுச் செயலாளரான ஹலிபக்ஸ் பிரபுவின் கையொப்பத்தோடு வந்த ஆணை அவர்களிடம் இருந்தது. நாலு மணித்தியாலம் வீட்டைக் கிண்டிக் கிளறினார்கள். பெட்டிகளை உடைத்தார்கள், தாள்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

என்டிக் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார். அரசு தரப்பு சொன்ன நியாயங்களை எங்கட காலத்துச் செய்தியாளர் மாநாடுகளிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்: இப்படியான ஆணைகள் நீண்ட காலமாகவே வழங்கப்பட்டு வருகின்றன, யாரும் ஆட்சேபிக்கவில்லை, அரசின் பாதுகாப்புக்கு இது தேவை. 1765இல் தீர்ப்புச் சொன்ன பிரதம நீதியரசர் கம்டன் பிரபு இரண்டையும் தள்ளிவிட்டார். ஒருவருடைய நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைத்து புல்லை மிதித்தாலும் அது அத்துமீறல்தான். மிதித்தவர்தான் தனக்கு அந்த உரிமையைத் தந்த சட்டம் எது என்று காட்ட வேண்டும். சட்டப் புத்தகங்களில் அப்படியொன்று இல்லையென்றால் அந்த அதிகாரமும் இல்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம். என்டிக்குக்கு 300 பவுண் நட்டஈடு கிடைத்தது.

இதில் எங்களுக்கு முக்கியமானது ஒன்றுதான். வீட்டுக்காரர் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. வந்தவன்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

இனி இலங்கைக்கு வருவோம். 1815இல் கண்டி விழுந்தது. 1830களில் மலைநாட்டில் கோப்பி நன்றாக வளரும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தோட்டம் போடுவதற்கு நிலம் வேண்டும், அதை விற்பதற்கு விற்கிறவனிடம் நிலம் இருக்க வேண்டும். காடும் மேடும் மன்னனுடையதா, ஊராருடையதா, விகாரையுடையதா என்பது எழுதப்படாத வழக்கத்தில் கிடந்தது. கண்டிக் கிராமம் ஒன்றில் வயலும் வீட்டுத் தோட்டமும் குடும்பத்துக்கென்று இருக்கும். அதற்கு மேலே சேனை. ஒரு துண்டை வெட்டி எரித்து ஒன்றிரண்டு போகம் குரக்கன் விதைத்துவிட்டு, பல வருஷம் சும்மா விடுவார்கள். காடு திரும்பி வளர்ந்தபிறகு மறுபடி வெட்டுவார்கள். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது ஆளில்லாத காடு. ஊராருக்கோ அது அடுத்த தலைமுறையின் சாப்பாடு.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த நிலத்தைத்தான் குறிவைத்தது. அதன் பெயரே 'முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்கும்' சட்டம். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடியின் சொத்து என்று கருதப்படும். கண்டி மாகாணங்களில் சேனைகளும் அப்படியே. சன்னசோ கொடைப்பத்திரமோ இருந்தால், அல்லது வழக்கமான வரியோ சேவையோ செலுத்தியதற்கு ஆதாரம் காட்டினால் விதிவிலக்கு. 'மாறாக நிரூபிக்கப்படும்வரை' என்ற அந்த மூன்று சொல்லில்தான் கம்டன் பிரபு தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டார். இலண்டனில் புல்லை மிதித்தவன் காரணம் சொல்ல வேண்டும். இலங்கையில் புல்லுக்குச் சொந்தக்காரன் காரணம் சொல்ல வேண்டும். அதுவும் தன் பாட்டன் வெட்டிய சேனையில் தானே அத்துமீறியவனாக நின்றுகொண்டு.

வழக்கத்துக்குப் பற்றுச்சீட்டு ஏது? ஊரில் நாலு பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள், அதுதான் சாட்சி. நீதிமன்றம் கேட்டதோ தாளை. 1832இலேயே இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நிலத்துக்குக் கைமாறாகச் செய்த சேவையை ஒழித்தவர்களே, எட்டு வருஷம் கழித்து, சேவை செய்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள்!

நிலத்தை வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். ஆரம்பத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்குப் போனது, 1844இல்தான் 20 சிலிங்காக உயர்ந்தது. வாங்கியவர்களில் ஆளுநர் ஸ்டுவர்ட் மக்கன்சியே ஒருவர். அவரோடு சிவில் சேவையின் உயர் அதிகாரிகள், படை அதிகாரிகள். நிலம் யாருடையது என்று தீர்மானித்த கையும், அதை விற்ற கையும், வாங்கிய கையும் ஏறக்குறைய ஒரே கை. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. உடனடிக் காரணம் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வீதிக்கும் போட்ட புதிய வரிகள்தான் என்றாலும், அடியில் இந்த எரிச்சல் கிடந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவரிடமிருந்து பறித்த நிலத்தில் இன்னொருவர் நிலமில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களுக்கு நாடும் இல்லாமல் போனது. 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. லயத்தில் இருந்தவருக்கு அதனால் ஒரு பேர்ச் காணிகூட வரவில்லை. முதலாளி மாறினார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கட நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பது எங்களுக்குத் தெரியும். சொத்துரிமை, சொத்துரிமை என்று கத்துவது சொத்து இருக்கிறவனுக்குத்தானே உதவும்? நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் காணி யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்பதைச் சாதியைத் தவிர்த்துவிட்டுப் பேச ஏலாது. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் கடைசிவரைக்கும் தங்கிக் கிடந்தவர்களில் பலர், போவதற்குச் சொந்தக் காணியே இல்லாத ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். தேசவழமையின் கீழ் திருமணமான பெண் தன்னுடைய சொந்தக் காணியை விற்பதற்குக் கணவனின் சம்மதம் தேவை என்பதும் எங்கட சட்டம்தான், கொழும்பு போட்டதல்ல. தனிமனிதரின் சுதந்திரத்தில் கை வைப்பது அரசு மட்டுமல்ல. ஊரும் உறவும் நன்றாகவே வைக்கும்.

ஆனாலும் 1972ஐயும் 1840ஐயும் ஒரே தராசில் போட நாங்கள் தயாரில்லை. 1972இன் சட்டம் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க ஏலாது, வயல் என்றால் 25 ஏக்கர் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு எல்லை போட்டது. அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் அரசியல் இருந்தது, சரி. ஆனால் அந்தச் சட்டம் காணி உன்னுடையது என்று ஒத்துக்கொண்டபிறகுதான் மிச்சத்தை எடுத்தது. 1840இன் சட்டமோ, முதலில் உன்னுடையது இல்லை என்று எழுதிவிட்டுப் பிறகு பேசத் தொடங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த மொழி மாறவில்லை. இலங்கையின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு இன்றைக்கும் அரச காணி. வன்னியிலும் கிழக்கிலும் குடியேற்றத் திட்டங்களில் இருக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிற்றோடு இருக்கின்றன. நினைத்தபடி விற்க ஏலாது, பிரிக்க ஏலாது, நிபந்தனையை மீறினால் பெர்மிற்றை ரத்துச் செய்யலாம். பின்னுரித்து நியமிக்காமல் செத்துப்போனால் மகளை விட மகனுக்கே முதலிடம் என்ற பட்டியல் 2022இல்தான் திருத்தப்பட்டது. தலைமுறையாக உழுகிறவர் அந்த மண்ணில் கிட்டத்தட்ட வாடகைக் குடியிருப்பாளர்.

காலாவதியைப் பாருங்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் காணியைப் பத்து வருஷம் தடையில்லாமல், அவருக்கு எதிராக ஆண்டுவந்தால் உரித்துக் கோரலாம். அரசுக்கு எதிராக அந்தப் பத்து வருஷக் கணக்கு செல்லாது. போரால் இடம்பெயர்ந்தவர்களின் காணியை வேறு ஆட்கள் இப்படி விழுங்கிவிடக் கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் காணியைப் பிடித்து வைத்திருப்பது பக்கத்து வீட்டுக்காரர் இல்லாமல் படைமுகாம் என்றால் அந்தச் சட்டம் என்ன செய்யும்?

வலிகாமம் வடக்கில் அதைத்தான் பார்த்தோம். 2013 ஏப்ரலில் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல்கள் வந்தன. அளவு 6,381 ஏக்கர். காரணம், யாழ் பாதுகாப்புப் படைத் தலைமையகம். உரிமையாளர்களை அடையாளம் காண முடியவில்லை என்று சொல்லி அறிவித்தல்களை மரங்களில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அடையாளம் காண முடியாத அந்த உரிமையாளர்களில் பலர் சில மைல் தூரத்தில் நலன்புரி முகாம்களில் அரசாங்கத்தின் பதிவிலேயே இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்களை அடையாளம் காட்டிக்கொள்ள அதைவிட வேறு என்ன வழி?

சுவீகரிப்புச் சட்டம் 'பொதுத் தேவை' என்கிறது, ஆனால் எது பொதுத் தேவை என்று வரையறுக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் மானெல் பெர்னாண்டோ வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அந்தத் தேவை என்ன என்பதை அறிவித்தலிலேயே சொல்ல வேண்டும் என்றார். அமைச்சரின் மனதில் ஒரு தேவை இருந்தால் அதைக் காணிக்காரரிடம் மறைப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்பது அவருடைய கேள்வி. கம்டன் பிரபுவின் குரல் இங்கேயும் ஒருதரம் கேட்டது என்று சொல்லலாம். ஆனால் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை இல்லை. அதனால் இப்படியான வழக்குகள் சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்புரை போன்ற பக்க வாசல்களால்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகாமல் கடலால் போனவர்களும் உண்டு. 1992இல் இரணைதீவிலிருந்து வெளியேறிய மக்கள் கால் நூற்றாண்டாகத் தங்கட தீவைத் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கடற்படை இருந்தது. 2017 மே மாதம் கரையில் போராட்டம் தொடங்கினார்கள். கடிதம், சந்திப்பு, வாக்குறுதி எல்லாம் முடிந்து ஒரு வருஷமும் ஓடிவிட்டது. 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில், பெண்கள் முன்னுக்கு, யாரிடமும் அனுமதி கேட்காமல் தீவில் போய் இறங்கினார்கள். இறங்கியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் அரசு, சரி இருங்கள் என்றது.

கடைசியாக வந்தது 2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி. வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர், அதில் பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்தில். மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள், யாரும் கோராவிட்டால் அரச காணியாகப் பிரகடனப்படுத்தலாம். உறுதியை நந்திக்கடலில் தொலைத்தவர் இருக்கிறார். தோம்பு எரிந்துபோனவர் இருக்கிறார். உறுதி மூத்த அண்ணனோடு பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ போய்விட்ட குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் எல்லாரும் மூன்று மாதத்துக்குள் தாளோடு வர வேண்டும் என்று சொன்ன சட்டம் 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். அது 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டத்தின் பிள்ளை, 1840இன் பேரப்பிள்ளை. மூன்று மாதம் என்ற கெடுவும் 1897இலிருந்தே வருகிறது.

எதிர்ப்புப் பலமாக வந்தது. உச்ச நீதிமன்றம் ஜூன் மாதக் கடைசியில் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானியை அரசு திரும்பப் பெற வேண்டி வந்தது. 1931இன் கட்டளைச் சட்டத்தை யாரும் திரும்பப் பெறவில்லை. 1840இன் கட்டளைச் சட்டமும், 'முடி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அரசு' என்று போட்டபடி, சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.