ஊர்ச் சேதியும் தேச அரசியலும்: தமிழ் இதழ்களில் கருத்தெழுத்து வளர்ந்த வழி (1878–1976)

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதுவோர் பலரும் அரசியல் தலையங்கத்தை மேலிருந்து கீழே இறங்கி வந்த ஒன்றாகக் காட்டுவது வழக்கம். காங்கிரஸ் பிறந்தது, தேசியம் பரவியது, இதழ்கள் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன என்பது அந்தச் சித்திரம். இதழ்கள் தோன்றிய சூழலையும் அவற்றை உலுக்கிய நிகழ்ச்சிகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓட்டம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. ஒரு நீதிபதி நியமனம், ஒரு ஆலை வேலைநிறுத்தம், ஒரு குருகுலத்துப் பந்தி என உள்ளூரில் நடந்த ஏதோ ஒன்றுதான் தேசத்தைப் பற்றிய கேள்வியைக் கிளப்பிவிட்டிருக்கிறது. ஊர்ச் சேதியும் அரசியல் கருத்தும் ஒரே பத்தியில் இருந்த காலங்களில் தமிழ்க் கருத்தெழுத்து வலுவாக இருந்தது, அவை வேறு வேறு பக்கங்களுக்குப் போனபோது மெலிந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழில் அல்லாமல் ஆங்கிலத்தில் தொடங்கிய கதை இது. 1878இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை வெள்ளையர் நடத்திய இதழ்கள் இகழ்ந்தன. பதில் சொல்ல இந்தியர் கையில் இதழ் இல்லை. ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’வை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் ‘சுதேசமித்திர’னை வார இதழாகத் தொடங்கினார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. 1898இல் ‘இந்து’வை விட்டு விலகிய அவர், அடுத்த ஆண்டே ‘சுதேசமித்திர’னை நாளிதழாக்கினார். அவருடைய அரசியல் எழுத்தில் வாத்தியார் குரல் சற்றுத் தூக்கல். ஆனால் நாட்டின் பொருளாதாரத்தை ஆங்கிலம் அறியாதவருக்கும் விளக்கியாக வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது. அந்த நாளிதழில்தான் 1904இல் பாரதி உதவியாசிரியராகச் சேர்ந்தார்.

பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது. கேலிச்சித்திரத்தை அரசியல் வாதமாகவே பயன்படுத்தியது அவ்விதழின் பெரிய புதுமை. என்றாலும் அக்கால எழுத்தின் சூட்டுக்குக் காரணம் சென்னையோ கல்கத்தாவோ மட்டுமல்ல; தூத்துக்குடியும்தான். அங்கே 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். 1908 பிப்ரவரி இறுதியில் ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் தொடக்கத்தில் கூலி உயர்வோடு அது முடிந்தது. மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஒரு ஆலையின் கூலித் தகராறு பதினைந்தே நாளில் பேரரசின் இருப்பைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. தலையங்கம் எழுதியவர்களுக்கு இந்த இரண்டுக்கும் இடையே பாலம் கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. நிகழ்ச்சியே அதைக் கட்டியிருந்தது.

அரசும் இதைப் புரிந்துகொண்டது. 1908 ஆகஸ்டில் சுப்பிரமணிய ஐயர் கைதானார். ‘இந்தியா’ மீது தொடரப்பட்ட வழக்கில் சிறை சென்றவரோ அதில் எழுதிய பாரதி அல்லர். சட்டப்படி ஆசிரியராகப் பெயர் பதிந்திருந்த எம். சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போனார், இதழும் அங்கே போனது. பிரிட்டிஷ் எல்லைக்குள் வாசகரைச் சேர வழியடைக்கப்பட்டதும் 1910 மார்ச்சில் நின்றது. பாரதியின் அந்தப் பயணத்தைக் கொண்டாடும் நாம், சீனிவாசன் பெயரை அரிதாகவே சொல்கிறோம்.

இதே ஆண்டுகளில் ராயப்பேட்டையிலிருந்து வேறொரு குரலும் ஒலித்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆகி, 1914இல் அவர் மறையும் வரை வந்தது. சுதேசியம் பேசுவோர் தம் ஊரிலேயே சக மனிதரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து அந்த இயக்கத்தை அவர் எடை போட்டார். தேசிய இயக்கத்தின் வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு அவருடைய ஆங்கிலேய ஆதரவு ஒரு சாக்காக இருந்தது. என் பார்வையில், உள்ளூர் நடப்பைக் கொண்டு தேசிய அரசியலைச் சோதிக்கும் முறையை மற்ற எவரையும்விடத் தெளிவாகக் கையாண்டவர் அவர்தான்.

அந்தச் சோதனையைக் காங்கிரசுக்குள்ளேயே நடத்திக் காட்டியது சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்த அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்ட செய்தி 1924இல் வெளியே வந்தது. சாப்பாட்டு இலை எங்கே போடப்பட்டது என்பதைத் தவிர அச்செய்தியில் வேறொன்றும் இல்லை. ஆனால் பணம் தேசிய இயக்கத்துடையது என்பதால், கேள்வி நேராக அந்த இயக்கத்தின் நெஞ்சில் போய்த் தைத்தது. சேலத்து டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் விடாமல் எழுதினார். காங்கிரசின் முன்னணித் தலைவராக இருந்த பெரியாரும் எதிர்த்து நின்றார். குற்றச்சாட்டுக்கு ஆளான ஐயரும் சாதாரணமானவர் அல்லர். திரு.வி.க.வுக்குப் பின் ‘தேசபக்த’னின் ஆசிரியராக இருந்து, எழுத்துக்காகச் சிறை சென்றவர். 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் அவர் இறந்ததால் விவாதம் முடிவுக்கு வராமலே அறுபட்டது.

இதற்கு ஒரு மாதம் முன்பு, 1925 மே 2 அன்று, ஈரோட்டில் ‘குடி அரசு’ முதல் இதழ் வெளிவந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். கோயில், தெரு, குளம், உணவுக்கடை என்று ஊருக்குள் நடப்பவற்றையே ‘குடி அரசு’ ஆட்சியைப் பற்றிய வாதத்துக்குச் சான்றாக வைத்தது. பெரியாரின் நடை பேச்சு நடை. வாக்கியம் நீளும், சுற்றும், ஆனால் எங்கே போகிறது என்பதை மறக்காது. 1933 அக்டோபரில் வெளியான ஒரு தலையங்கத்துக்காக எழுதியவரான அவரும் பதிப்பாளரான தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார்கள். இம்முறை எழுதியவர் தப்பவில்லை, தப்ப நினைக்கவும் இல்லை.

1930களுக்குப் பின் நிலைமை மாறுகிறது. 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவுநாளில், டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு ‘தினமணி’ தொடங்கியது. பின்னர் ஏ.என். சிவராமன் நாற்பதாண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராக இருந்து பொருளாதாரத்தையும் உலக அரசியலையும் எளிய தமிழில் எழுதினார். மறுபக்கம், 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’, பிற்காலத் ‘தினத்தந்தி’, ஊர்ச் செய்தியை, குறிப்பாக வழக்கையும் குற்றத்தையும், பேச்சுக்கு நெருங்கிய தமிழில் கொடுத்துப் புதிய வாசகரை உருவாக்கியது. இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் இவற்றுக்கிடையே ஒரு பங்கீடு நடந்துவிட்டது. கருத்து ஓரிடம், ஊர் இன்னோரிடம். கொலை நடந்த கிராமத்துக்கும் நடுப்பக்கத்தில் விவாதிக்கப்பட்ட நிலச் சட்டத்துக்கும் உள்ள உறவை வாசகரே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. இதற்கு விலக்காக ‘தினமல’ரைச் சொல்லலாம். 1951இல் திருவனந்தபுரத்தில் டி.வி. ராமசுப்பையர் அதைத் தொடங்கியபோது, நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைய வேண்டும் என்பதே அதன் பேச்சு. மொழிவழி மாநிலம் என்ற தேசியப் பிரச்சினையை ஒரு வட்டாரத்தின் கோரிக்கையாகவே அது எழுதியது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் இணைந்தது; அடுத்த ஆண்டு இதழ் திருநெல்வேலிக்கு இடம் மாறியது.

நாளிதழ்கள் கைவிட்ட இணைப்பைக் கட்சி இதழ்கள் கடிதமாக எடுத்துக்கொண்டன. அண்ணா ‘திராவிட நாடு’ இதழில் தம்பிக்கு எழுதினார். கருணாநிதி ‘முரசொலி’யில் உடன்பிறப்புக்கு எழுதினார். முகவரி கட்சிக்காரருக்குத்தான். படித்தவர்கள் அதைவிடப் பலர். டெல்லி அரசியலை வீட்டுப் பேச்சாக்க இந்த வடிவத்தால் முடிந்தது. இதன் குறையும் வெளிப்படை: தம்பி அண்ணனை மறுத்துப் பேசுவதில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்த மரபு எதிர்பாராத ஓர் உச்சத்தைத் தொட்டது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் கைதானார்கள். யார் யார் கைது என்று எழுதத் தணிக்கை இடம் தரவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவுநாள். அண்ணா சதுக்கத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று ‘முரசொலி’ ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. கண்டனம் இல்லை, விமர்சனம் இல்லை. தணிக்கை அதிகாரி அடிக்க அதில் ஒரு சொல்லும் இல்லை. வெறும் பெயர்கள். படித்தவர்கள் தங்கள் பகுதிக்காரர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, டெல்லியில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டார்கள்.