மலைமேல் ஒரு பியர்ச் சாலை



சில வாரங்களுக்கு முன்னர், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து அந்நாட்டுப் புதுமைகளை விரித்துரைத்துக்கொண்டிருந்தான். அங்கே ஊருக்கு ஊர் சிறு பியர்ச் சாலைகள் தோன்றியிருக்கின்றனவாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கொட்டகையில் காய்ச்சுவார்களாம். வருவோர் அண்டாக்களைச் சுற்றிப் பார்த்தபின், சிறு கிண்ணங்களில் ஐந்தாறு வகையைச் சுவைத்துச் செல்வார்களாம். சொல்லி முடித்துவிட்டு, "மாமா, எங்கள் நாட்டில் இப்படி ஏதாவது இருந்ததா? உள்ளூர்ப் பியர் என்று சொல்ல ஒன்றேனும் உண்டா?" என்று கேட்டான். உள்ளேயிருந்து என் தங்கை, "பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதுதானா பேச்சு?" என்று குரல் கொடுத்தாள். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் இருக்கின்றது என்பதை அவள் மறந்தவளல்லள். ஆயினும் கேள்வி வரலாற்றுக் கேள்வி. அன்று அவனுக்குச் சொல்லத் தொடங்கியதையே இன்று சற்று விரிவாகச் சொல்கின்றேன்.

முதலிற் பியர் என்றால் யாது என்பதைத் தெளிந்துகொள்வோம். தானியத்தில் இருப்பது மாப்பொருள். மாப்பொருள் தானாக நொதிப்பதில்லை. அதனை ஊறவைத்து முளைக்கவிட்டால், முளை தன் வளர்ச்சிக்காக மாவைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். அந்நிலையிற் காயவைத்து, இடித்து, வெந்நீரிற் கரைத்து, வடித்து, ஆறவைத்து, மதுவம் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்தால் மதுவாகும். பார்லியிற் செய்து, ஹொப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சுவது ஐரோப்பியர் வழக்கம். ஆனால் முளைதானியத்திலிருந்து மது செய்யும் நுட்பம் அவர்களுக்கே உரியதன்று.

பெரும்பாணாற்றுப்படையைப் படித்தோர் இதனை அறிவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், பாணன் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகின்றது. அங்கே அவனுக்குக் கிடைக்கும் மதுவைப் புலவர் வெறுமனே பெயர் சொல்லி விட்டுவிடவில்லை, செய்முறையையே சொல்கின்றார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டிலிட்டு ஆற்றி, புற்றாஞ்சோறு போலப் புறம் பூத்த முளையடையை அதனுடன் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது அம்மது. முளையின் துணையால் மாவைச் சர்க்கரையாக்கி நொதிக்கவைக்கும் இம்முறையைப் பியர் என்றழையாமல் வேறு எப்பெயரால் அழைப்பது? வலைஞர் அதனைச் சுட்ட மீனோடு கொடுத்தார்கள் என்று நூல் கூறும். மருமகனிடம் இதனைச் சொன்னபோது, அவன் தன் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டான். அது எனக்கு ஒரு வெற்றியாகவே தோன்றிற்று.

அவ்வாறாயின் அந்நுட்பம் எங்கே போயிற்று? என் கருத்து இதுதான். தென்னையும் பனையும் நிறைந்த நாட்டில் தானியத்தை முளைக்கவைக்கும் பாடு எதற்கு? பாளையைச் சீவினால் இனிப்பு நீர் தானே சொட்டுகின்றது. நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு சர்க்கரையுள்ள நீர் அது. காற்றிலுள்ள மதுவம் முட்டியில் விழுந்து, மரத்திலேயே நொதித்தல் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதியாமல் கருப்பநீராக நிற்கும், பூசாவிட்டாற் கள்ளாகும். மாலையில் இறக்கும் கள்ளின் வலிமை ஏறக்குறைய இன்றைய பியரின் வலிமையே. ஐரோப்பியன் பல நாள் உழைத்து அடைவதை, நம் மரம் ஓர் இரவிற் கொடுத்துவிடுகின்றது.

ஆனால் மரம் கொடுப்பதில் ஒரு குறையும் உண்டு. கள்ளு நிற்காது. ஒரு நாள் கழிந்தாற் புளிக்கும். மேலும் விட்டால் வினாகிரியாகும். பியரோ அப்படியன்று. ஹொப்ஸின் கசப்பு அதனைக் கெடாமற் காக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டனில் பௌ என்னுமிடத்திலிருந்த ஹொட்ஜ்சன் என்பாரின் சாலையிலிருந்து, ஹொப்ஸ் மிகுந்த வெளிறிய பியர் பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்குக் கப்பலேறிற்று. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கிற் கடலில் ஆடியும் அது கெடவில்லை. பயணம் செய்யக்கூடிய மதுவுக்கும் பயணம் செய்ய இயலாத மதுவுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

இனி நுவரெலியாவுக்குச் செல்வோம். கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அவ்வூரிற் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை. கொழும்பில் அது 27 பாகைக்கு மேல். குளிரூட்டும் பொறி பரவாத காலத்தில், காய்ச்சிய நீரை ஆற்றி நிதானமாக நொதிக்கவிட வேண்டுமாயின் இத்தகைய மலையே தகுந்த இடம். இந்தியாவில் மறீ, கசௌலி, உதகமண்டலம் ஆகிய மலைவாசங்களில் ஆங்கிலேயர் பியர்ச் சாலை நிறுவியதற்கும் இதுவே காரணம். உதகையிற் கோட்டையின் பெயர் தாங்கிய சாலை 1857ஆம் ஆண்டினது என்பர்.

நுவரெலியாவின் பெயரோடு சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் பெயர் பிணைந்துள்ளது. பின்னாளில், 1864இல், ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர் இவரே. காய்ச்சலால் நலிந்து நுவரெலியாவுக்கு வந்து உடல் தேறியவர், அவ்விடத்தை ஓர் ஆங்கிலக் கிராமமாக்கிவிட எண்ணி, 1848இல் ஆட்களையும் பசுவையும் ஆட்டையும் வேட்டைநாய்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வந்ததும் நேர்ந்தவை நகைப்புக்குரியன. அவருடைய குதிரைக்காரன் மதுமயக்கத்தில் வண்டியை மலைச்சரிவில் உருட்டினான்; பின்னர் உதவிக்கு அனுப்பிய யானையையும் விரட்டிச் செலுத்திச் சாகடித்தான். பேக்கர் தாமே எழுதிய நூலில் இவற்றை ஒளிக்காமற் சொல்லியிருக்கின்றார். மலைநாட்டில் முதன்முதலிற் பியர் காய்ச்சியவரும் அவரே என்பது மரபாக வழங்கும் கதை. 1855இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார்.

தொழிலாக நிலைத்த சாலைக்கு 1881ஆம் ஆண்டு குறிக்கப்படுகின்றது. அதன் வரலாற்றில் மறீ மதுக் கம்பனியின் பங்கும் உண்டு. அந்த ஆண்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. தேயிலை இன்னும் முழுதாக ஊன்றவில்லை. துரைமார் பலர் கடனில் மூழ்கியிருந்தனர். அத்தகைய வேளையில் ஒரு பியர்ச் சாலை எழுந்து நின்றதென்றால், வருமானம் குறையும்போது மனிதன் எதனைக் குறைக்கின்றான், எதனைக் குறைப்பதில்லை என்பது விளங்கும். 1885இற் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. அதே ஆண்டிற் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பணை நிறைவெய்திற்று. மலையிற் காய்ச்சியது கொழும்பிலே விற்பதற்கு வழி திறந்தது.

அச்சாலையில் உள்ளூர்ப் பொருள் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் நீர்தான். லவர்ஸ் லீப் என்னும் அருவியின் அயலிலுள்ள நீரைக் கொண்டு காய்ச்சினார்கள். முளைகட்டிய பார்லியும் ஹொப்ஸும் கடல் கடந்து வந்தவை. ஆயினும் அங்கே உருவான கரும்பியர், அதாவது ஸ்டவுட், தனக்கென ஒரு பெயரைப் பெற்றுக்கொண்டது. பியரைப் பற்றி எழுதுவதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டிருந்த மைக்கேல் ஜக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர், 2007இல் மறைந்தவர், இந்த ஸ்டவுட்டைத் தேடி மலையேறிச் சென்று வியந்து எழுதினார். ஆங்கில மதுவ இனம் ஒன்று இங்கே பேணப்பட்டதையும், கண்டியிலும் நுவரெலியாவிலும் பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஊற்றும் பழைய முறை எஞ்சியிருந்ததையும் உலகுக்கு அறிவித்தவர் அவரே. இங்கிலாந்திலேயே அருகிப்போன ஒரு வழக்கம் நம் மலையில் உயிரோடிருந்தது!

மருமகனின் வற்புறுத்தலால் அந்த ஸ்டவுட்டை ஒரு கிண்ணம் நானும் சுவைத்தேன் என்பதை மறைப்பானேன்? நிறம் வறுத்த கோப்பிக் கசாயம். முதலில் கருகிய கசப்பு. பின்னர் பனங்கட்டியை நினைவூட்டும் ஓர் இனிப்பு. அதன்பின்னரே அதன் வலிமை தெரியும். நூற்றுக்கு 8.8 பங்கு என்று போத்தலிற் பொறித்திருக்கின்றார்கள். எளிய பானமன்று. அரைக்கிண்ணத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

கொழும்பில் இந்தப் பியரைக் குடித்தவர் யார்? 1864இல் தோன்றிய காலிமுக ஹோட்டலிலும், 1875இல் துறைமுகத்தருகே திறந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலிலும் தங்கிய துரைமாரும் கப்பற் பயணிகளுமே முதன்மையானவர். அதனைக் குளிரவைக்கும் பனிக்கட்டி கொம்பனித்தெருவில் 1866இல் தொடங்கிய பனிக்கட்டிக் கம்பனியிலிருந்து வந்தது. அதற்குமுன் சென்னையில், அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களைக் கப்பலில் வரவழைத்துச் சேமிப்பதற்கென்றே 1842இல் ஒரு மாளிகை கட்டினார்கள். அது இன்று விவேகானந்தர் இல்லம். கொழும்பின் பனிக்கட்டித் தொழிலின் வழிவந்த யானைச் சின்ன நிறுவனமே நம் பிள்ளைகள் விரும்பும் இஞ்சிப் பியரையும் தருவது. மதுவில்லாத அப்பானத்துக்குப் பியர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. என் தங்கை அதனை மாத்திரம் வீட்டிற்குள் அனுமதிப்பாள்.

கோட்டையின் ஹோட்டல்களிலிருந்து கொட்டாஞ்சேனை நடந்துபோகும் தூரம். ஆனால் அங்கே துறைமுகத் தொழிலாளிக்கும் வண்டிக்காரனுக்கும் உரியது தவறணை. தவறணை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசிறை திரட்டினர். குத்தகை எடுத்த உள்ளூர்ச் செல்வர் பலர் பெருநிலக்கிழார் ஆயினர். வெள்ளவத்தை ஆலையில் நூல் நூற்றவனின் கூலியும், கொட்டாஞ்சேனையில் மூடை சுமந்தவனின் கூலியும் அவ்வழியாகவே திறைசேரிக்குச் சென்றன.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய முறையை மாற்றியது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் வெவ்வேறு தவறணைகள் என்று வகுத்து, ஊர்தோறும் புதிய தவறணைகள் எழ வழி செய்தது. அதற்கெதிராகவே மதுவிலக்கு இயக்கம் கொழுந்துவிட்டெரிந்தது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் அதனால் மக்கள் தலைவர்களாயினர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டி அவர்கள் சிறைப்படவும் அது ஒரு காரணமாயிற்று. அவர்களுக்காக இலண்டன் சென்று வழக்காடியவர், கொச்சிக்கடையிற் கருங்கற் கோயில் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவ்வியக்கத்தின் நியாயத்தை நான் குறைத்து மதிப்பவனல்லேன். கூலியைத் தவறணையில் விட்டுவிட்டு வீடு திரும்பிய தந்தையரை என் இளமையிற் கொட்டாஞ்சேனைத் தெருக்களிற் கண்டிருக்கின்றேன். வாசலில் நின்ற தாய்மாரின் முகத்தையும் கண்டிருக்கின்றேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்நாளைய மேடைகளில் இகழப்பட்டது கள்ளும் சாராயமுமே. ஹோட்டலின் பியர்க் கிண்ணத்தை அத்துணை வன்மையாக இகழ்ந்தவர் அரியர். ஒன்று நாகரிகம் எனவும் மற்றது இழிவு எனவும் மனத்திற் படிந்துவிட்டது. அவ்விழிவு முட்டியோடு நில்லாமல், முட்டியை இறக்கியவன்மீதும் ஏறியது. தளைநாரைக் காலிற் பூட்டி, இடுப்பிற் கத்தியோடு நாளொன்றுக்கு எத்தனையோ பனை ஏறி இறங்குபவன், தவறி விழுந்தால் அன்றோடு அவன் குடும்பத்தின் பிழைப்பும் விழும். அவன் இறக்கிய கள்ளைக் குடித்தவர்களே அவனை முற்றத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்தவன் என்ற முறையில் இதனைச் சொல்ல எனக்கு நாணமாகத்தான் இருக்கின்றது.

பிற்காலத்திற் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, தொழிலாளரே தம் கள்ளைச் சேர்த்து விற்கும் நிலை வந்தது. கள்ளைச் சூடாக்கிப் போத்தலில் அடைக்கவும் கற்றுக்கொண்டார்கள். நிற்காத மது நிற்கத் தொடங்கியது. கடல் கடந்தும் சென்றது. மருமகன் அதனைத் தமிழ்க் கடையொன்றிற் கண்டிருக்கின்றானாம். ஆனால் அதனை உள்ளூர்ப் பியருக்கு ஒப்பாக எண்ணிப் பார்க்க அவனுக்குத் தோன்றியதில்லை.

நுவரெலியாச் சாலையின் முடிவையும் சொல்லிவிடுகின்றேன். அத்தனை மூலப்பொருளையும் வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஏற்றுவதும், போத்தல்களை மறுபடி இறக்குவதும் பெருஞ்செலவாயின. குளிரூட்டும் பொறி வந்தபின் மலைக்குளிரின் தேவையும் இல்லை. ஆகவே 1990களின் இறுதியில், கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவிற் புதிய பெருஞ்சாலை எழுந்தது. மலைமேற் காய்ச்சும் வேலை நின்றது. 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்துப் புதிய சாலைக்குட் புகுந்தது. பல மாதங்கள் உற்பத்தி நின்று, நாட்டின் பியருக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது.

மருமகன் புறப்படுமுன், நுவரெலியாவுக்குப் போய் அந்த அருவியையாவது பார்த்துவிட்டு வருகின்றேன் என்றான். போகும் வழியில் அல்ல, திரும்பி வந்தபின் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு நடை போ. காலையில் ஆறு மணிக்கு முன் பனங்காட்டில் நின்றால் முதல் முட்டி இறங்குவதைப் பார்க்கலாம் என்றேன். அங்கே போகும்போது அம்மாவிடம் என்ன சொல்லுவது என்று கேட்டான். கருப்பநீர் குடிக்கப் போவதாகச் சொல் என்றேன்.