ஆடிய கால்களும் ஆசிரியர் இருக்கையும்

கவிஞனுக்கு முதுமை ஒரு தடையன்று. எண்பது வயதிலும் பாட்டு வரும். பாடகனுக்குக் குரல் நெடுநாள் துணைநிற்கும். ஆடற்கலைஞரின் நிலை அவ்வாறானதன்று. நாற்பதைத் தொடுமுன்னரே முழங்காலும் கணுக்காலும் முதுகும் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. ஒரு தவறான குதிப்பு, வழுக்கலான ஒரு மேடை போதும். இருபது வயதிலேயே அந்தக் கணக்கு முடிந்துபோவதும் உண்டு. அதன்பின் அக்கலைஞர் எதைக்கொண்டு வாழ்வது? அவர் கற்ற கலை எங்கே போய்ச் சேர்வது? நடன வரலாறுகள் அரங்கேற்றங்களையும் விருதுகளையும் விரிவாகப் பேசும்; இந்த வினாவைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும். அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

செங்குன்று எனப் பொருள்படும் புக்கிட் மேராவில் வாழும் நமக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. சிங்கப்பூரின் சமூக மன்றங்கள் வெளியிடும் வகுப்புப் பட்டியல்களைப் புரட்டினால் பரதநாட்டியமும் இருக்கும்; பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சியும் இருக்கும். முன்னதைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பின்னது, மூச்சையும் வயிற்றுத் தசைகளையும் முதுகெலும்பையும் ஒருங்கே கட்டுப்படுத்தி, விரிப்பின்மீதும் சுருள்விற்கள் பூட்டிய கருவிகளின்மீதும் மெல்லச் செய்யும் பயிற்சி. ஒன்று தஞ்சைத் தரணியில் வளர்ந்தது. மற்றது நியூயார்க் நகரத்து மாடியறை ஒன்றில் வளர்ந்தது. ஆயினும் இரண்டும் நம் கைக்கு வந்து சேர்ந்த வழி ஏறத்தாழ ஒன்றே. ஆடுவதிலிருந்து கற்பிப்பதற்குத் திரும்பிய கலைஞர்கள் இரண்டையும் சுமந்து வந்தனர்.

அயல்நாட்டுக் கதையை முதலிற் காண்போம். ஜோசப் பிலாட்டீஸ் 1883ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தவர். இளமையில் நோயாளி. அந்த நோஞ்சான் உடலைத் தம் முயற்சியாலேயே உரமாக்கிக்கொண்டவர். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தார்; பகைநாட்டான் என்று பிடித்து மேன் தீவு முகாமில் அடைத்தனர். அங்கே உடன் கைதிகளுக்குப் பயிற்சி கற்பித்தார். படுக்கையில் கிடந்த நோயாளிகளின் கட்டிலில் சுருள்விற்களை மாட்டிக் கைகால்களுக்கு வேலை கொடுத்ததே பின்னாளில் அவர் செய்த கருவிகளுக்கு வித்தாயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1926இல் நியூயார்க் சென்று, எட்டாம் அவென்யூவில் பயிற்சிக்கூடம் அமைத்தார். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் ‘கண்ட்ரோலஜி’. கட்டுப்பாட்டியல் என்று நாம் தமிழாக்கலாம்.

அக்கூடத்தின் படியேறி வந்தவர்களுள் காயமுற்ற நடனக் கலைஞர் பலர். ஜார்ஜ் பாலன்சைன், மார்த்தா கிரகாம் போன்ற பெரும் நடன ஆசிரியர்களே தம் மாணவர்களை அங்கே அனுப்பினர். ரோமானா கிரிசனோவ்ஸ்கா என்னும் இளம்பெண் அவ்வாறு வந்தவர். பாலன்சைனின் பள்ளியில் பாலே பயின்றவர், கணுக்காலில் அடிபட்டு வந்தார், குணமடைந்தார், இறுதியில் அக்கூடத்தின் ஆசிரியரே ஆனார்.

அவரினும் என் கருத்தைக் கவர்பவர் கரோலா டிரியர். ஜெர்மனியிலிருந்து வந்த நடனக்காரர். உருளைச் சக்கரக் காலணி அணிந்து, உடலை வில்லென வளைத்து ஆடும் வித்தையில் தேர்ந்தவர். போர்க்காலத்தில் பிரான்சின் தடுப்பு முகாமில் அல்லலுற்று, அமெரிக்கா வந்து சேர்ந்தவர். மேடையில் காயமுற்ற பின் பிலாட்டீசிடம் மாணவியானார். 1950களின் இறுதியில், ஆசானின் வாழ்த்தோடு தமக்கெனத் தனியே ஒரு பயிற்சிக்கூடத்தைத் திறந்தார். அவ்வாறு ஆசானின் ஒப்புதலுடன் தனிக்கூடம் கண்ட முதல் மாணவர் இவரே என்பர். இது எளிய செயலன்று. நாட்டிய வகுப்பில் ஓர் ஆசிரியர் முப்பது பிள்ளைகளை ஒருசேர நிறுத்தித் தட்டடவு போடவைக்கலாம். கருவிகளைக்கொண்டு நடக்கும் இப்பயிற்சியிலோ ஒரு நேரத்தில் ஒருவரையோ சிலரையோதான் கவனிக்க முடியும். கருவிக்கு விலை, கூடத்திற்கு வாடகை, கற்பிக்கும் மணி நேரத்திற்கோ எல்லை. இவற்றுக்கிடையே தொழில் நடத்த வேண்டும். கையில் இருந்த ஒரே முதல், ஆடி ஆடிப் பழகிய கண். எதிரே நிற்பவரின் தோள் விரற்கிடை உயர்ந்திருப்பதை அந்தக் கண் கண்டுகொள்ளும்.

பிலாட்டீஸ் 1967இல் மறைந்தார். தம் முறையைக் கற்பிக்கத் தகுதியுடையார் யார் என்று வரையறுக்கும் ஏற்பாடு எதையும் அவர் நிலைநிறுத்திச் செல்லவில்லை. அவரிடம் நேரே சான்றிதழ் பெற்றவர்களாகக் கேத்தி கிராண்ட், லோலிடா சான் மிகேல் என்னும் இருவர் பெயரே சொல்லப்படுகிறது. அவ்விருவரும் நடனக் கலைஞர்களே. கறுப்பினப் பெண்ணாகிய கேத்தி கிராண்ட் முழங்கால் சிகிச்சைக்குப்பின் இத்துறைக்கு வந்து, பிற்காலத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடன மாணவர்க்குக் கற்பித்தார்.

பின்பு வந்தது வழக்கு. பிலாட்டீஸ் என்னும் பெயர் தமக்கே உரியது என்று ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடியது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், யோகாசனம், கராத்தே என்பன போல இதுவும் ஒரு பயிற்சிமுறையின் பொதுப்பெயரே என்று தீர்ப்பளித்தது. அன்றுமுதல் எவரும் அப்பெயரைப் பலகையில் எழுதலாம். கதவு திறந்தது, நல்லதுதான். ஆனால் திறந்த கதவின் வழியே யாரும் வரலாம் அல்லவா? பல நூறு மணி நேரப் பயிற்சி முடித்தே கற்பிக்க விடுவோரும் உளர். சில நாளிலேயே சான்றிதழ் வழங்கிவிடுவோரும் உளர். செய்யத் தெரிந்தவரெல்லாம் கற்பிக்கத் தெரிந்தவரல்லர் என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் அறிவோம். இங்கே பிழைபட்டால் கெடுவது மதிப்பெண் அன்று, மாணவரின் முதுகெலும்பு.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கு இதே வினாவுக்கு விடை கண்டவர்கள் பரத நடனத்தார். 1952இல் கே. பி. பாஸ்கர் சிங்கப்பூரில் நடனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1955இல் அவரை மணந்து கேரளத்திலிருந்து வந்தவர் சாந்தா. அப்போது அவர் பதின்பருவம் கடவாத இளம்பெண். ஆடவும் கற்பிக்கவும் ஒருசேரத் தொடங்கினார். 1958இல் சீனர்களின் பழங்காதற் கதையாகிய ‘பட்டாம்பூச்சிக் காதலர்’ கதையைப் பரதத்தில் அமைத்து மேடையேற்றினார். பல இனத்தார் வாழும் நாட்டில் நம் கலைக்கு அவையோர் வேண்டுமானால் அடுத்த வீட்டுக்காரரின் கதையையும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதை அவ்வம்மையார் எவரும் சொல்லித்தராமலே உணர்ந்திருந்தார்.

ஆயினும் அவர்தம் சாதனைகளுள் மேடையில் தோன்றாத ஒன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1988இல் நிருத்யாலயா அழகியல் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. பாஸ்கர் கலைக்கழகம் நிகழ்ச்சிகளைப் படைக்கும், நிருத்யாலயா கற்பிக்கும். ஆடுவதற்கு ஓர் அமைப்பு, கற்பிப்பதற்கு ஓர் அமைப்பு! கற்பித்தல் என்பது ஆட இயலாதபோது செய்யும் கைவேலையன்று, தனக்கென இடமும் ஒழுங்கும் உடைய பணி என்பதை இப்பிரிவினை காட்டிற்று. 1990இல் சாந்தா பாஸ்கருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 

ஈழத்தில் பிறந்து சென்னைக் கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1974இல் இங்கு வந்தார். 1977இல் கணவருடன் சேர்ந்து அப்சராஸ் நடனக் குழுவை நிறுவினார். 1960இல் அமைந்த மக்கள் கழகத்தின் நடனக் குழுவுக்கும் பயிற்சியளித்தார். குடியிருப்புப் பேட்டைகளின் சமூக மன்றங்களை நடத்துவது அக்கழகமே. 1989இல் இவரும் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

இவர்களைப்பற்றிப் பேசும்போது நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு: கலையை விலைக்கு விற்கலாமா என்பர். கோயிலை நம்பிய ஆடல் மகளிர்க்கு நிலமும் நெல்லும் மானியமாக இருந்தன. 1947இல் சென்னை மாகாணத்துச் சட்டம் தேவதாசி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வைக்கப்பட வேண்டியதே. ஆனால் அம்மகளிர் கற்ற கலைக்கு மாற்றுப் பிழைப்பை எவரும் ஆயத்தமாக வைத்திருக்கவில்லை. 1936இல் ருக்மிணிதேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திரா போன்ற பள்ளிகள் கலையைக் காத்தன. மரபுவழி ஆடியவர் பலர் மேடையையும் இழந்தனர், ஆசிரியர் இருக்கையும் பெற்றிலர். கட்டணம் வாங்கும் பள்ளியைப் பழிப்போர் இந்தப் பக்கத்தையும் படித்துப் பார்த்தல் வேண்டும்.

நம் இலக்கணமே இதில் நாணவில்லை. நன்னூலின் பாயிரம் பாடம் கேட்கத் தகுதியுடையார் என ஆறு பேரை அடுக்கும்போது, தன் மகன், ஆசான் மகன், மன்னன் மகன் ஆகியோரை அடுத்து மிகுதியாகப் பொருள் கொடுப்பவனையும் வைக்கிறது. பவணந்தியார் துறவி, அவரே அவ்வாறு எழுதியிருக்க, இல்லறத்தார் ஆகிய நாம் கூசுவானேன்? பொருள் பெறுவதைத் தடுக்காத அந்நூல், தகுதியற்ற ஆசிரியரைத் தடுப்பதில் மிகக் கண்டிப்பானது. பஞ்சடைத்த குடுக்கைபோல வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் வருந்துபவரையும், வேலிக்கு வெளியே சாய்ந்து அயலார்க்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு போன்றவரையும் ஆசிரியர் ஆகாதார் வரிசையிலே தள்ளிவிடுகிறது. பிலாட்டீஸ் வழக்கிற்குப்பின் எழுந்த சிக்கலும் ஈதே. கேட்க வேண்டியது, ‘எவ்வளவு வாங்குகிறார்’ என்பதனினும், ‘எவரிடம், எத்தனை காலம் கற்றார்’ என்பதே.

இன்று இவ்விரு வழிகளும் கலந்துவருகின்றன. அரைமண்டியில் பல்லாண்டு நின்ற முழங்காலுக்கும், ஓயாது தரையைத் தட்டிய குதிகாலுக்கும் துணையாகப் பிலாட்டீஸ் பயிலும் பரதக் கலைஞர் உளர். அதனையே கற்பிக்கும் தொழிலாகக் கொண்ட நடனக் கலைஞரும் உலகெங்கும் உளர். அவர்களைக் கண்டு, ‘ஆட்டத்தை விட்டுவிட்டார்’ என்று இரங்குவது பொருந்தாது. கரோலா டிரியர் சென்ற வழியில் அவர்கள் செல்கிறார்கள். வாடகை, சான்றிதழ், மாணவர் வருகை என்னும் மூன்றையும் நாள்தோறும் எண்ணியே அவர்கள் உறங்கச் செல்ல வேண்டியிருக்கும் என்பதும் உண்மையே.

பாஸ்கர் 2013இலும், சாந்தா பாஸ்கர் 2022இலும் காலமாயினர். நீலா சத்தியலிங்கம் 2017இல் மறைந்தார். மறைவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே தம் பொறுப்பை மாணவர் அரவிந்த் குமாரசாமியிடம் அவர் ஒப்படைத்திருந்தார். அப்சராஸ் தொடர்ந்து ஆடிவருகிறது.